ஸ்பாஞ்சுக்கு மூன்று விசில்

மீன்தொட்டியின் ஃபில்டர் ஸ்பாஞ்சை நான் பிரஷர் குக்கரில் வைத்து மூன்று விசில் விட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மறைத்துப் பார்த்தேன், இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

மூன்று விசில் என்பது அவசரத்தில் எடுத்த முடிவு இல்லை. ஒன்று போதுமா என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் ஸ்பாஞ்சைப் பிழிந்தபோது கையில் வழிந்த பழுப்புக் கூழைப் பார்த்ததும், மூன்றுக்குக் குறைந்தால் மனசாட்சி ஒப்பாது என்று பட்டது. தொட்டியின் அடியில் கிடந்த கூழாங்கற்களையும் விடவில்லை. அதே குக்கரில் நான்கு ஈடாக வேகவைத்தேன்.

நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவன். டாக்டர் இல்லை. ஆபரேஷன் முடிந்து வரும் கத்தி, கத்தரிக்கோல், இடுக்கிகளைக் கழுவித் துணியில் கட்டி, நீராவிப் பெட்டிக்குள் ஏற்றி, கிருமி ஒன்றுகூட உயிரோடு இல்லை என்று ஆனபிறகு திருப்பி அனுப்பும் அறையில் இருபத்திரண்டு வருஷம். கட்டின் மேல் ஒட்டியிருக்கும் டேப்பில் போதிய சூடு ஏறிக் கறுப்புக் கோடு விழுந்தால்தான் அது என் அறையைத் தாண்டும். கோடு விழாத கட்டைப் பெரிய டாக்டரே வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டேன். உலகத்தில் எனக்கு ஒழுங்காகத் தெரிந்தது இது ஒன்றுதான். நான் சறுக்கி விழுந்ததும் இதிலேதான்.

தொட்டி என்னுடையது இல்லை, அத்தானுடையது. அத்தான் என்றால் அக்காவின் கணவர். நாலடி நீளத் தொட்டி, பதினோரு வருஷமாக ஓடுகிறது. அது இருப்பது அவர்கள் வீட்டு ஹாலில், சோபாவின் தலைமாட்டில். அந்தச் சோபாவில் இருப்பது நான். ஒரே படுக்கையறை உள்ள வீடு. விவாகரத்து முடிந்த வாரம் ஒரு பெட்டியும் ஒரு தலையணையுமாக வந்து நின்று, "ரெண்டே ரெண்டு வாரம்" என்றேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எனக்கு ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

இந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி ஊழியர் விடுதியில் ஓர் அறை காலியானது. காத்திருப்போர் வரிசையில் என் பெயர்தான் முதலில். வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கட்டம் போட்ட ஒரு படிவத்தைக் கொடுத்து, அடுத்ததற்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒன்றில் குறிபோட்டுத் தரச் சொன்னார்கள். வேண்டாம் என்றால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். திரும்ப மேலே வர ஐந்தாறு வருஷம் ஆகும். அறையைப் போய்ப் பார்த்தேன். கட்டில், மேசை, ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். தனக்குத்தானே பேசிக்கொள்ள நினைப்பவனுக்கு நல்ல வசதி. எனக்குப் போக மனமில்லை. ஆனால் இங்கேயே இரு என்றும் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஒன்பது மாதம் ஒருவன் சோபாவில் கிடந்தால், அவனைச் சகித்துக்கொள்கிறார்களா வைத்துக்கொள்கிறார்களா என்று அவனுக்கே தெரியாமல் போய்விடுகிறது.

அக்காவிடம் கேட்டேன். அவள் ஒரு மின்சாதனக் கம்பெனியின் தொலைபேசிப் புகார் பிரிவில் இருக்கிறாள்.

"அக்கா, நான் இங்க இருக்கறது உங்களுக்குத் தொந்தரவா?"

"ஒரு நாளைக்கு நூத்திருபது பேர் எங்கிட்ட தொந்தரவு, தொந்தரவுங்கறாங்க. வீட்டுக்கு வந்தா நீயும் அதே வார்த்தையா. போய் அத்தானக் கேளு."

அத்தானிடம் கேட்டேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். வாய் நிறைய ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு வேலை செய்து பழகியதால், வாய் காலியாக இருக்கும்போதும் அதிகம் திறப்பதில்லை.

"பாக்கலாம்," என்றார்.

அவர் எதற்கும் அப்படித்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று அக்காதான் முதலில் கேட்டாளாம். அதற்கும் "பாக்கலாம்" என்றவர், மறுநாள் கையில் மோதிர அளவு எடுக்கிற கம்பியோடு வந்து நின்றிருக்கிறார். ஆகவே அவருடைய 'பாக்கலாம்' சம்மதமாகவும் இருக்கலாம், மறுப்பாகவும் இருக்கலாம். மறுநாள் அவர் எந்தக் கம்பியோடு வருகிறார் என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாயால் கொடுத்த மனு எடுபடாததால் கையால் ஒரு மனு கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் வெளியூரில் இருக்கும் அத்தானின் தம்பியைப் பார்க்கப் போனார்கள். நான் சட்டையைக் கழற்றினேன். மீன்களை வாளிக்கு மாற்றினேன். தண்ணீரை முழுக்க வடித்தேன். கண்ணாடியைத் தேய்த்தேன். ஸ்பாஞ்ச், கல், மரக்கட்டை, பிளாஸ்டிக் குழாய் எதையும் விட்டுவைக்கவில்லை. புதுத் தண்ணீரில் குளோரினைப் போக்கும் சொட்டு மருந்தை மட்டும் மறக்காமல் அளந்து விட்டேன். லேபிளை வாசிக்காமல் எதையும் தொடுகிற ஆள் இல்லை நான். ஸ்பாஞ்சில் லேபிள் இல்லாததுதான் வினை.

சாயங்காலம் அவர்கள் திரும்பியபோது தொட்டி, தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குப் பளிச்சென்று இருந்தது.

"என்ன, தண்ணி இப்படி இருக்கு?" என்றார் அத்தான்.

"கழுவினேன் அத்தான்."

"எப்படி?"

"நல்லா."

அவர் ம் என்றார். பிரயாணக் களைப்பு. போய்ப் படுத்துவிட்டார். நான் சோபாவில் படுத்துக்கொண்டு, அந்த 'ம்'மில் ஒரு விரல்கடை அளவாவது பாராட்டு இருந்ததா என்று அளந்துகொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தண்ணீர், அரிசி கழுவியது போல் கலங்கியிருந்தது. சின்ன மீன்கள் பதினொன்றும் மேலே வந்து நீர்மட்டத்தில் வாயை வைத்து வைத்து எடுத்தன. மேனேஜர் அடியில் மரக்கட்டை ஓரமாக நின்று வேகவேகமாகச் செவுளை அடித்துக்கொண்டிருந்தது.

மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆரஞ்சு உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை, மூக்கோரம் மீசை, உள்ளங்கை நீளம். இந்த வகை மீன் கூட்டமாக இருக்குமாம். இதன் கூட்டாளிகள் வயதாகிப் போய்ச்சேர, இது ஒன்று மிச்சம். தொட்டி வைத்த முதல் நாளிலிருந்து இருக்கிறது. இதற்கு ஒரு பழக்கம் உண்டு. பட்டப்பகலில் ஒருக்களித்துச் செத்ததுபோல் படுத்துவிடும். புதிதாக வந்த நான் முதல் வாரம் பதறிப்போய் அத்தானுக்கு ஃபோன் போட்டேன். "தூங்குது" என்று சொல்லி வைத்துவிட்டார். வேலை நேரத்தில் படுத்துத் தூங்குவதால் அக்கா வைத்த பெயர்தான் மேனேஜர். அத்தான் வேலையிலிருந்து வந்ததும் முதலில் போய் நிற்பது அதன் முன்னால். அது கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து மீசையை ஆட்டும். அன்றைக்கு வரவில்லை.

அத்தான் தோள்பையைக்கூட இறக்காமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக்குழாயை எடுத்துத் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, இரண்டு புட்டிகளிலிருந்து சொட்டு விட்டுக் குலுக்கினார். ஐந்து நிமிஷம் கழித்து அதைச் சுவரின் வெள்ளைக்கு நேராகப் பிடித்தார்.

"மஞ்சளா இருக்கணும்," என்றார்.

பச்சையாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் பச்சை.

"அமோனியா," என்றார். "மீன் போடற கழிவு. ஃபில்டர் ஓடினா அது சேராது. ஃபில்டர் ஓடுது. அப்புறம் எப்படி?"

நான் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அப்போது அக்கா சமையலறையிலிருந்து குக்கர் மூடியும் கையுமாக வந்தாள்.

"இதுல ஆவி ஓரமா கசியுது. என்னடான்னு பாத்தா ரப்பருக்குள்ள ஒரு கல்லு."

அவள் விரலில் ஒரு கறுப்புக் கூழாங்கல். அவள் அதைப் பார்த்தாள். அத்தான் அதைப் பார்த்தார். இருவரும் தொட்டியின் அடியைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒரு கூழாங்கல்லைக் குக்கரில் மறைக்கும் சாமர்த்தியம் இல்லை.

சொன்னேன். விசில் எண்ணிக்கை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

"என் குக்கர்ல," என்றாள் அக்கா. "நான் சோறு வைக்கிற குக்கர்ல."

"அப்புறம் சோப்பு போட்டுக் கழுவிட்டேன் அக்கா. ஆஸ்பத்திரிய விட சுத்தம்."

"நீ ஒரு வார்த்த பேசாத. புதுக் குக்கர் வர வரைக்கும் இந்த வீட்ல உன் குரல் கேக்கக்கூடாது."

அத்தான் திட்டவில்லை. திட்டியிருந்தால் எண்ணிக் கழித்திருக்கலாம். வாளியை எடுத்தார், குழாயை எடுத்தார், தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை வடித்துப் புதுத் தண்ணீர் விட்டார். நான் குழாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முக்கால் மணி நேரத்தில் அவர் என்னிடம் பேசியது, "கொஞ்சம் மேல தூக்கு" என்பது மட்டும்.

காலையில் இரண்டு சின்ன மீன்கள் மேலே மிதந்தன. அவர் அவற்றைச் சின்ன வலையால் எடுத்து ஒரு தாளில் மடித்தார்.

"அத்தான், எம்மேல கோவமா?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றார்.

அவர் பஸ்ஸில் போகிறவர் இல்லை. அவருக்குக் கம்பெனி வண்டி வரும். அதைச் சொல்லிக்காட்டும் நிலையில் நான் இல்லை.

அன்றைக்கு எனக்கு மதிய ஷிஃப்ட். காலையிலேயே அவர் வழக்கமாக வாங்கும் வண்ணமீன் கடைக்குப் போனேன். ஒடுக்கமான கடை. இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் தொட்டிகள், நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கும் அளவுக்கு இடம். கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, நடந்ததைக் கடைசி வரை கேட்டார்.

"எத்தனை விசில்?"

"மூணு."

"இறக்கி வச்சு ஆவி தானா அடங்கட்டும்னு விட்டீங்களா, இல்ல உடனே தொறந்துட்டீங்களா?"

"அடங்க விட்டேங்க."

"ரொம்ப நல்லது. ஒண்ணு பாக்கியில்லாம செத்திருக்கும்."

"எது?"

"கிருமி."

"அதுக்குத்தானேங்க வேகவச்சேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு பக்கத்துத் தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சைத் தூக்கிக் காட்டினார். என்னுடையது இருந்ததைவிட மோசமான பழுப்பு.

"ஸ்பாஞ்ச் என்னமோ தூசி வடிகட்டறதுன்னு நெனச்சீங்க. தூசி கெடக்கட்டும். மீன் விடற விஷத்தத் திங்கறதுக்குன்னே ஒரு கிருமிக் கூட்டம் இதுக்குள்ள குடியிருக்கு. ஒரு கூட்டம் அமோனியாவத் தின்னுட்டு நைட்ரைட்னு இன்னொரு விஷமா மாத்தும். அடுத்த கூட்டம் அதத் தின்னு தொந்தரவு இல்லாத சரக்கா மாத்தும். இதுங்க வந்து குடியேறவே ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும். ஸ்பாஞ்ச்லயும் இருக்கும், கல்லுலயும் இருக்கும்."

"கல்லையும் வேகவச்சேன்."

"வாடகைக்கு இருந்தவங்க, சொந்தக்காரங்க, யாரையும் விடல நீங்க."

"இப்ப என்ன பண்றது?"

"கழுவணும்னா தொட்டியிலேந்து எடுத்த தண்ணிலயே ரெண்டு தடவ அழுத்திப் பிழிஞ்சா போதும். இனிமே ஞாபகம் வச்சுக்கங்க. இப்போதைக்கு இதக் கொண்டுபோங்க." கையிலிருந்த ஸ்பாஞ்சைக் குறுக்கே வெட்டிப் பாதியை அந்தத் தொட்டித் தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பாதிக்கு மேல் காற்று வைத்துக் கட்டினார். "எட்டு வருஷத்து ஸ்பாஞ்ச். இதுல இருக்கறது பெருகி உங்க தொட்டியப் பிடிச்சுக்கும். குழாய்த் தண்ணி ஒரு சொட்டு படக்கூடாது. வெயில் படக்கூடாது. காயக்கூடாது. ஒரு மணி நேரத்துக்குள்ள ஃபில்டர்ல வச்சிடணும். தெனம் மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க. தீனி ரெண்டு நாளைக்கு ஒரு தடவ, கிள்ளி. காலையும் சாயங்காலமும் சோதிச்சுப் பாருங்க. அமோனியா எறங்கும்போது நைட்ரைட் ஏறும். பயந்துடாதீங்க, அது வேலை நடக்கற அடையாளம்."

"பெரிய மீன் ஒண்ணு இருக்குங்க, பதினோரு வருஷம். அது தாங்குமா?"

"அது உங்க கையில இல்ல. குக்கர் பக்கம் போகாம இருக்கறது மட்டும்தான் உங்க கையில."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் வெயில். நான் நிழல் பக்கமாக உட்கார்ந்து பையை மடியில் வைத்து, கைக்குட்டையால் போர்த்தி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.

"என்ன சார் அது?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"கிருமி."

"என்ன?"

"நல்ல கிருமிதான்."

அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இடம் மாறிக்கொண்டார். நான் போட்டிருந்தது ஆஸ்பத்திரிச் சட்டை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் கொன்ற கிருமிகளுக்குக் கணக்கில்லை. ஒரு கூட்டத்துக்காவது மேடுபள்ளத்தில் பஸ் குலுங்கும்போது வலிக்குமோ என்று நினைத்தது அன்றைக்குத்தான்.

ஸ்பாஞ்சை ஃபில்டரில் வைத்தேன். அதன்பிறகு, என்ன செய்வதென்று தெரியாதபோது ஆஸ்பத்திரியில் என்ன செய்வேனோ அதையே செய்தேன். ஒரு நோட்டில் கோடு போட்டேன். தேதி, நேரம், அமோனியா நிறம், நைட்ரைட் நிறம், மாற்றிய தண்ணீர் எத்தனை லிட்டர், தண்ணீரின் சூடு, குறிப்பு, கையெழுத்து. தொட்டியின் பக்கத்தில் ஒரு நூலில் பேனாவையும் கட்டித் தொங்கவிட்டேன்.

சாயங்காலம் அத்தான் வந்து அதைப் புரட்டினார்.

"கையெழுத்து எதுக்கு?"

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்புன்னு தெரியணும்ல அத்தான்."

"அது இப்பவே தெரியுமே," என்றார்.

குக்கர் விஷயம் வெளிவந்த பிறகு அவர் எனக்குச் சொன்ன முதல் நேரான பதில் அது. நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன்.

அன்றிலிருந்து வீடு வாளிகளால் நிறைந்தது. நாளைக்குத் தேவையான தண்ணீரை இன்றே பிடித்துச் சொட்டு மருந்து விட்டு வைக்க வேண்டும். குளியலறையில் மூன்று வாளி, ஹாலில் இரண்டு, அவர்கள் படுக்கையறை வாசலில் ஒன்று. தொட்டித் தண்ணீரின் சூடும் வாளித் தண்ணீரின் சூடும் ஒன்றாக இருக்கிறதா என்று அத்தான் மணிக்கட்டை விட்டுப் பார்ப்பார். நான் தெர்மாமீட்டரை விட்டுப் பார்ப்பேன். இருவரும் ஒரே பதிலைச் சொல்லுவோம். ஆனால் அவரவர் முறையில் பார்க்காமல் விடமாட்டோம். அக்கா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாளிகளைத் தாண்டிக் குதித்தாள்.

"உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது," என்றேன்.

"குக்கர் வந்துடுச்சா?"

வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் வாங்கி வந்து வைத்தேன். பழையதைவிடப் பெரியது. அக்கா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல தொட்டியவே வேகவைக்கலாம் போலயே" என்றாள். பேச்சுத் தடை நீங்கியது என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் நான்கு நாள் பச்சை குறையவே இல்லை. காலையில் பச்சை, சாயங்காலம் பச்சை. தண்ணீரை மாற்றினால் கொஞ்சம் வெளிறும், விடிந்தால் திரும்பிவிடும். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், குழாயைச் சுவருக்கு நேராகப் பிடித்தபோது மஞ்சளில் கொஞ்சம்தான் பச்சை கலந்திருந்தது. என் ஆசைதான் நிறம் காட்டுகிறதோ என்று அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இது என்ன கலரு?"

"எலுமிச்சம்பழம்."

எழுதிக்கொண்டேன். நைட்ரைட் வானநீலத்தில் இருக்க வேண்டியது ஊதாவாக ஏறியிருந்தது. கடைக்காரம்மா சொன்னபடிதான். பயப்படக்கூடாது என்று தெரியும். தெரிந்துகொண்டே பயந்தேன்.

அன்று நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கைகழுவப் போய்த் திரும்பினால், அத்தான் நூலில் தொங்கிய பேனாவை இழுத்து என் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் துறையில் ஒரு கட்டு வெளியே போக இரண்டு கையெழுத்து வேண்டும். இதை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

புதன்கிழமை அமோனியா சுத்த மஞ்சள். ஊதாவும் இறங்க ஆரம்பித்தது. சின்ன மீன்கள் ஒன்பதும் நடுத்தண்ணீரில் கூட்டமாகத் திரும்பித் திரும்பி நீந்தின. மேனேஜர் மட்டும் மரக்கட்டையை விட்டு வரவில்லை. தீனியைத் தொடவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அது ஒருக்களித்துக் கிடந்தது. தூக்கமா வேறா என்று சொல்ல முடியவில்லை. தூங்கும்போது செவுள் நிதானமாக அசையும் என்று ஒன்பது மாதத்தில் எனக்கும் தெரிந்திருந்தது. இது சீராக இல்லை. ஓங்கி இரண்டு அடி, நின்று ஒரு அடி. அத்தான் என் தலையணையைத் தள்ளிவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன்.

"பொழச்சுடுமா அத்தான்?"

"பாக்கலாம்."

படிவம் என் சட்டைப்பையில் இருந்தது. இரண்டு வாரமாக மடித்து மடித்து அதன் நடுக்கோடு கிழிய ஆரம்பித்திருந்தது. இந்த மீன் செத்தால் எந்தக் கட்டத்தில் குறிபோடுவது என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். பதினோரு வருஷத்து மீனைக் கொன்றவன், மறுநாள் காலை அதே தொட்டியின் பக்கத்தில் எழுந்து பல் தேய்க்க முடியாது.

அத்தான் தானாகப் பேசினார். தொட்டியைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு. உள்ள ஒருத்தர், தனியா. எப்ப தொறப்பீங்க தம்பின்னு கேட்டார். அஞ்சே நிமிஷம் சார்னேன். அவருக்குத் தைரியமா இருக்கட்டுமேன்னு. நாலு மணி நேரம் ஆச்சு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ கதவ உதைச்சுக் கூப்புடுவார். அப்புறம் கூப்புடறத நிறுத்திட்டார். உள்ளேந்து சத்தமே இல்ல. தொறந்தப்ப நல்லாதான் இருந்தார். ஆனா என் மூஞ்சியப் பாக்கல. பாக்காமயே நடந்து போயிட்டார்."

நான் தரையில் இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

"அதுலேந்து யாருக்கும் எதையும் சொல்றதில்ல," என்றார். "சொல்லிட்டா நடக்கணும்."

பிறகு எழுந்து வாளியை எடுத்தார். நான் குழாயை எடுத்தேன். அன்றைக்கு இரண்டாம் தடவையாகத் தண்ணீர் மாற்றினோம். ஃபில்டர் தண்ணீரைக் கொட்டும் வாயைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, காற்று அதிகம் கலக்கும்படி செய்தோம். அந்தச் சலசலப்பில் தூங்க முடியாது என்று அக்கா சொன்னாள். தூங்க வேண்டியவன் நான்தான். தூங்கவில்லை என்று சொல்ல ஆசை. நன்றாகத் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம். அத்தான் வேலைச் சட்டையோடு தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டிருந்தார். அவருடைய முகத்துக்கும் கண்ணாடிக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அந்த ஒரு சாணுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் நின்று மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. பட்டைகள் இன்னும் வெளிறித்தான் இருந்தன. ஆனால் நின்றுகொண்டிருந்தது. அவர் ஒரு கிள்ளு தீனி போட்டார். அது கீழே இறங்கி, கற்களுக்கு நடுவில் மூக்கை நுழைத்து, டக் டக்கென்று சத்தம் வரத் தின்றது.

நான் எழுந்து சோதித்தேன். அமோனியா மஞ்சள். நைட்ரைட் வானநீலம். ஊதா இருந்த சுவடுகூட இல்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் பேனாவை வாங்கி, அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

"அத்தான்," என்றேன். படிவத்தை எடுத்து விரித்தேன். சட்டென்று பாதியாகக் கிழிந்து, வேண்டும் ஒரு கையிலும் வேண்டாம் மறு கையிலும் வந்துவிட்டன. வேறு நாளாக இருந்தால் இதை வைத்து நாலு ஜோக் அடித்திருப்பேன். "இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும். ஒரே ஒரு கேள்வி. நான் இங்க இருக்கறது உங்களுக்குத் தொந்தரவா, இல்லையா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. நான் கதவ உதைக்கமாட்டேன்."

வெளியே கம்பெனி வண்டியின் ஹார்ன் கேட்டது. அவர் போகவில்லை. பேனாவின் மூடியைப் போட்டு அது நூலில் ஆடி நிற்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு என் மூஞ்சியை நேராகப் பார்த்தார்.

"தொந்தரவுதான்," என்றார். "என் சோபால நான் கால நீட்டி ஒன்பது மாசம் ஆச்சு. பாத்ரூமுக்குள்ள போனா நீ அரை மணி நேரம் வெளிய வர்றதில்ல. ராத்திரி நீ கொறட்ட விடறது கதவச் சாத்தினாலும் கேக்குது. நான் எழுப்பலாம்னு வந்து, எழுப்பாம போயிருக்கேன், நாலஞ்சு தடவ."

நான் தலையாட்டினேன். வேண்டும் என்ற பாதியை எந்தக் கையில் வைத்திருக்கிறேன் என்று தேடினேன்.

"கேளு, முடிக்கல. நானும் உங்க அக்காவும் சாப்பிட ஒக்காந்தா முன்னெல்லாம் தட்டு சத்தம் மட்டும்தான் கேக்கும். அவ ஆபீஸ்ல பேசிப் பேசிக் களைச்சு வருவா. எனக்குப் பேச வராது. நீ வந்தப்புறம் வாசல்லயே சிரிப்புச் சத்தம் கேக்குது. படியேறும்போதே இன்னைக்கு என்ன கூத்துன்னு நெனச்சுக்கிட்டு ஏறுவேன். அவளுக்காக சொல்லல. எனக்கு வேணும்." ஹார்ன் இரண்டாம் தடவை கேட்டது. அவர் தோள்பையை மாட்டிக்கொண்டார். "ஒட்டறதுக்கு டேப் அலமாரியில இருக்கு. வேண்டாம்ல குறி போட்டுக் குடுத்துட்டு வா. நீ எங்கயும் போகல மச்சான், இங்கதான் இருக்க."